சிம்ப்சன் பாலைவனத்தைக் குடும்பத்தோடு கடக்க: முதலில் எடைக் கணக்கு, அப்புறம்தான் மற்றதெல்லாம்

ஆஸ்திரேலியாவின் நடுவே கிடக்கும் சிம்ப்சன் பாலைவனத்தை முதன்முதலாக மோட்டார் வண்டியில் கடந்தவர்கள் ஒரு குடும்பம்தான். 1962இல் ரெக் ஸ்பிரிக் என்ற நிலவியலாளர் மனைவி கிரிசெல்டாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு நிசான் பேட்ரோலில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். அப்போது தடம் என்று எதுவும் கிடையாது. இப்போது தடம் இருக்கிறது, ஜிபிஎஸ் இருக்கிறது, ஜூலை மாதத்தில் எதிரே வண்டிகளும் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் சின்னப் பிள்ளைகளோடு போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். மணலில் ஓட்டுவது பெரிய வித்தை என்று பயமுறுத்துவார்கள், அதை அரை நாளில் பழகிக்கொள்ளலாம். பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே, வண்டியில் சாமான் ஏற்றும்போதுதான்.

முதலில் எப்போது போவது. தென் ஆஸ்திரேலியப் பக்கத்துப் பூங்காவை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவிடுவார்கள், அந்த மாதங்களில் வாய்ப்பே இல்லை. பக்கத்தில் இருக்கும் ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2ஆம் தேதி பதிவான வெயில் 50.7 டிகிரி, ஏன் மூடுகிறார்கள் என்று இதற்குமேல் விளக்க வேண்டாம். திறந்திருக்கிறது என்பதற்காக மார்ச் கடைசியிலோ அக்டோபரிலோ குழந்தைகளைக் கூட்டிப்போகாதீர்கள், மே முதல் ஆகஸ்ட் வரைதான் குடும்பங்களுக்கு உகந்தது. ஜூலைப் பள்ளி விடுமுறை கச்சிதமாகப் பொருந்தும். பகலில் இருபது டிகிரி சொச்சம், ராத்திரி பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு போனால் விடிய விடிய நடுங்கவேண்டியதுதான். செப்டம்பரில் போவதாக இருந்தால், பாலைவனத்தைக் கடந்ததும் கிழக்கே வரும் பேர்ட்ஸ்வில் ஊரின் குதிரைப் பந்தயத் தேதியைப் பார்த்துவிட்டு அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சின்ன ஊரில் பெட்ரோல் பங்கிலிருந்து கழிவறைவரை எல்லாவற்றுக்கும் வரிசை நிற்கும்.

வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வெள்ளத்தை மறந்துவிடுகிறார்கள். இங்கே மழை பெய்யவே வேண்டாம், எங்கோ வடக்கே குயின்ஸ்லாந்தில் பெய்தது வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து பாலைவனத்தின் கிழக்கு ஓரத்தில் ஐயர் கிரீக் என்ற ஓடையை நிரப்பிவிடும். 2025 மார்ச், ஏப்ரலில் மேற்குக் குயின்ஸ்லாந்தில் வந்த பெருவெள்ளம் அப்படித்தான் கால்வாய் கால்வாயாக இறங்கி ஐயர் ஏரிவரை போனது. கிரீக்கில் தண்ணீர் இருந்தால் வடக்கே சுற்றிப் போக ஒரு மாற்றுத்தடம் உண்டு, ஆனால் அதற்குக் கூடுதல் டீசல் வேண்டும், கூடுதல் நேரமும் வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் தினமும், அப்புறம் பாலைவனத்துக்கு முன் கடைசி விடுதியான மவுண்ட் டேரில் கடைசியாக ஒரு தடவை, சாலை நிலவரத்தையும் பூங்கா எச்சரிக்கைகளையும் பாருங்கள். மழை பெய்த மண்சாலையை மூடியிருக்கும்போது அதில் வண்டியை இறக்கினால் பெரிய அபராதம். தவிர, அந்தச் சேறு டயரில் அப்பிக்கொண்டால் நகரவும் முடியாது.

வழியைப் பொறுத்தவரை நான் சொல்வது மேற்கிலிருந்து கிழக்கு. மணல்மேடுகள் எல்லாம் கிட்டத்தட்ட வடக்கு தெற்காக, ஒன்றுக்கொன்று இணையாக நீண்டு கிடக்கின்றன, மொத்தம் ஆயிரத்து நூறுக்கும் மேல். அவற்றின் மேற்குச் சரிவு கொஞ்சம் சாந்தமானது, கிழக்குச் சரிவு செங்குத்து. சாந்தமான பக்கத்தில் ஏறி, செங்குத்தான பக்கத்தில் இறங்குவது முதல் தடவை போகிறவர்களுக்கு நல்லது. அடிலெய்டிலிருந்து புறப்பட்டால் போர்ட் அகஸ்டா, ஹாக்கர், மாரீ, அங்கிருந்து ஊட்னடாட்டா தடம். இந்தத் தடமே தனியாக ஒரு பயணத்துக்குச் சமம். பழைய கான் ரயில் பாதையின் இடிந்த நிலையங்கள், அல்ஜெபக்கினாவில் ஐந்நூற்று எழுபத்தெட்டு மீட்டர் நீளத்துக்கு வறண்ட ஆற்றின்மேல் நிற்கும் இரும்புப் பாலம், கவர்ட் ஸ்பிரிங்ஸில் குளிக்க ஒரு தொட்டி. இதையெல்லாம் ஒரே நாளில் ஓட்டித் தள்ளாதீர்கள், பிள்ளைகள் பாலைவனத்துக்கு வருவதற்குள் சலித்துப்போவார்கள்.

ஊட்னடாட்டா தாண்டி டல்ஹவுசி ஊற்று. பூமிக்கடியிலிருந்து தானாகப் பொங்கிவரும் வெந்நீர்க் குளம், 34 முதல் 38 டிகிரி இருக்கும், குளிர்கால விடியலில் ஆவி பறக்கும். ஒரு நாள் முழுக்க இங்கேயே இருந்துவிடுங்கள், பெரியவர்களின் முதுகுக்கும் ஆகும். சாயங்காலம் கொசு மொய்க்கும், அதற்கு மட்டும் தயாராக இருங்கள். இங்கிருந்து எழுபது கிலோமீட்டரில் மவுண்ட் டேர் விடுதி. அதுதான் கடைசி டீசல். அடுத்த பங்க் பேர்ட்ஸ்வில், மறுபடி டல்ஹவுசி வழியாகத் திரும்பி அங்கே போய்ச்சேர ஐந்நூறு கிலோமீட்டர்.

பாலைவனத்துக்குள் பிரெஞ்சு லைன் என்பது நேர்வழி. 1960களில் எண்ணெய் தேடிவந்த பிரெஞ்சுக் கம்பெனி போட்டது, மேடு மேடாக நேரே ஏறி இறங்கும், குலுக்கி எடுக்கும். ரிக் ரோடு தெற்கே சுற்றிக்கொண்டு போகும். எண்ணெய்க் கிணறு தோண்டும் பெரிய லாரிகளுக்காக அமைத்தது, மேடுகள் கொஞ்சம் தணிவு, தூரம் அதிகம். சின்னக் குழந்தைகள் இருந்தால் ரிக் ரோடு வசதி என்று சிலர் சொல்கிறார்கள். கூடுதல் நாளும் கூடுதல் எரிபொருளும் ஆவதால் நான் பிரெஞ்சு லைனையே சொல்வேன், ஆனால் ஒரு நாளுக்கு நூறு கிலோமீட்டருக்குமேல் திட்டம் போடக்கூடாது. கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். மணிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர்தான் போக முடியும், நடுவில் சாப்பாடு, சிறுநீர், 'அம்மா, பல்லி பாரு' எல்லாம் உண்டு. மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை நிதானமாக நான்கு இரவு, ஐந்து பகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது எடைக்கு வருவோம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஒரு நல்ல ஃபோர் வீல் டிரைவ் தன் உடம்புக்குமேல் ஏற்றிக்கொள்ளக்கூடிய எடை சுமார் 600 முதல் 700 கிலோ. உங்கள் வண்டியின் சரியான எண் கதவோரத் தகட்டிலும் கையேட்டிலும் இருக்கும், ஜிவிஎம் என்ற, ஏற்றிய வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் கிடைக்கும். இப்போது கூட்டிப்பாருங்கள். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், 230 கிலோ. தண்ணீர், ஆளுக்கு நாளுக்கு ஐந்து லிட்டர், ஐந்து பகலோடு கையிருப்பாக இன்னும் இரண்டு நாள், ஆக 140 லிட்டர், அதாவது 140 கிலோ. இரண்டு ஜெர்ரி கேன் டீசல் 35 கிலோ. ஃப்ரிட்ஜும் சாப்பாடும் 50. கூடாரம், படுக்கை, நாற்காலி, அடுப்பு, துணிமணி 90. இரண்டாவது உபரி டயர், கருவிகள், மீட்புச் சாமான்கள் 80. இதற்குள் 625 ஆகிவிட்டது. அப்புறம் நீங்கள் போன வருடம் ஆசைப்பட்டுப் போட்ட புல் பார் என்ற முன்பக்க இரும்புத் தடுப்பு ஓர் அறுபது கிலோ, கூரைச் சட்டம் ஒரு முப்பது கிலோ, அதையும் வண்டிதானே சுமக்கிறது! சட்டப்படி எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், விபத்து என்றால் காப்பீட்டில் கேள்வி வரும், மணலில் வண்டி புதையும், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஆயிரம் மேட்டில் ஏதோ ஒன்றில் கைவிடும்.

எதைக் குறைப்பது? தண்ணீரையும் டீசலையும் தொடாதீர்கள். கூரைமேல் கூடாரத்தை முதலில் கழற்றுவேன். விரிப்பது சுலபம், பார்க்கவும் நன்றாக இருக்கும், ஆனால் ஐம்பது அறுபது கிலோவை வண்டியின் தலையில் வைத்துக்கொண்டு சரிந்த மேட்டில் ஏறுவது எனக்கு ஒத்துவரவில்லை. பல வண்டிகளில் கூரை தாங்கும் எடையே நூறு கிலோவுக்குள்தான், கரடுமுரடான தடத்தில் அதைவிடக் குறைவு. இரும்புச் சட்டி, ஜெனரேட்டர், ஆளுக்கு மூன்று ஜோடிச் செருப்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். முழுசாக ஏற்றி, டேங்க் நிரப்பி, குடும்பத்தையும் உட்காரவைத்து, ஊரில் உள்ள எடைமேடையில் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். கணக்குப் போட்டதற்கும் அங்கே வரும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் யாரும் வாதாடாமல் தங்கள் பையிலிருந்து எதையாவது வெளியே எடுப்பார்கள்.

தண்ணீரை ஒரே பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். பத்து லிட்டர், இருபது லிட்டர் கேன்களாகப் பிரித்து, தரையோடு, இரண்டு சக்கர அச்சுக்கும் நடுவில் இறுகக் கட்டிவையுங்கள். ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும். டீசலுக்கு மணலில் நூறு கிலோமீட்டருக்கு இருபது முதல் இருபத்தைந்து லிட்டர் என்று வைத்துக் கணக்கிடுங்கள், நெடுஞ்சாலையில் உங்கள் வண்டி தரும் எண் இங்கே செல்லாது. அப்படிப் பார்த்தால் 500 கிலோமீட்டருக்கு 125 லிட்டர்வரை ஆகும், அதற்குமேல் முப்பது நாற்பது லிட்டர் கையிருப்பு. பழைய பிராடோ 150 மாடலில் டீசல் டேங்க் மொத்தம் 150 லிட்டர் பிடிக்கும், அந்த வண்டிக்காரர்களுக்கு ஒரு கேன் போதும். மற்றவர்கள் தங்கள் டேங்க்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டிரெய்லர் வேண்டவே வேண்டாம். பூங்காக்காரர்களே கொண்டுவராதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். மேட்டில் பாதியில் நின்றுவிட்டால் பின்னால் இறங்கவும் முடியாமல் கிடந்து, தடத்தையும் குழி குழியாக்கிவிடும். வண்டியைச் சர்வீஸ் கொடுப்பது கிளம்புவதற்கு முந்தைய நாள் அல்ல, குறைந்தது மூன்று வாரம் முன்பு, அப்போதுதான் மாற்றிய பாகத்தில் கோளாறு இருந்தால் ஊர்ச் சாலையிலேயே தெரியும். பேட்டரி, பெல்ட், ஹோஸ், ஷாக் அப்சார்பர் நான்கையும் தனியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாள் வேலை கொஞ்சம்தான். தென் ஆஸ்திரேலியப் பகுதிக்கு டெசர்ட் பார்க்ஸ் பாஸ் என்ற நுழைவுச் சீட்டு, எல்லைகள் சந்திக்கும் போப்பல் கார்னர் தாண்டி குயின்ஸ்லாந்துப் பூங்காவில் தங்குவதற்குத் தனி முகாம் அனுமதி. முங்கா-திரி என்பது இந்தப் பாலைவனத்துக்கு அந்த மண்ணின் வாங்கங்குர்ரு யார்லுயாண்டி மக்கள் வழங்கும் பெயர், 2021இல் அந்தப் பெயரில் 36 லட்சம் ஹெக்டேரில் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நாயைக் கூட்டிப்போக முடியாது. வண்டியின் முன்னால் உயரமான கம்பில் மணற்கொடி கட்டாயம், கொடியின் உச்சி தரையிலிருந்து குறைந்தது மூன்றரை மீட்டர் இருக்கவேண்டும். மேட்டின் உச்சியில் எதிரே வருபவருக்கு உங்கள் வண்டி தெரிவதற்கு முன் அந்தக் கொடிதான் தெரியும். யூஎச்எஃப் ரேடியோவை பத்தாம் சானலில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை 'இரண்டு வண்டி, கிழக்கே போகிறோம், பர்னி போர் தாண்டி இருபது கிலோமீட்டர்' என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போங்கள். இந்த வேலையைப் பெரிய பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் அவ்வளவு அக்கறையாகச் செய்யும். குறைந்தது இரண்டு வண்டியாகப் போங்கள். தனி வண்டியில் குழந்தைகளோடு போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது மணல். டல்ஹவுசிக்குக் கிழக்கே எழுபது கிலோமீட்டரில் பர்னி போர், அங்கே கழிவறை இருக்கிறது, அதைத் தாண்டினால் மேடுகள் தொடங்கும். அங்கே நிறுத்தி டயரில் காற்றை இறக்குங்கள். நெடுஞ்சாலையில் 36 இருந்தது, ஜல்லிச் சாலையில் 26 ஆக்கியிருப்பீர்கள், இப்போது 16 முதல் 18 பிஎஸ்ஐ. டயரின் அடிப்பக்கம் தரையில் பரந்து உட்காரும், பக்கவாட்டில் பிதுங்கும், பஞ்சர் ஆனதுபோலத்தான் தெரியும், பயப்படாதீர்கள். தடத்தில் வரிசை வரிசையாகக் குழிகள் விழுவதே காற்றை இறக்கச் சோம்பல்பட்டு சக்கரத்தைச் சுழற்றுகிறவர்களால்தான்.

லோ ரேஞ்சில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியர். மேட்டின் அடியிலிருந்தே ஒரே சீரான வேகம், பாதியில் கியர் மாற்றக்கூடாது. ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்காமல் வண்டி பழைய தடத்திலேயே போகட்டும் என்று விட்டுவிடுங்கள். உச்சியை நெருங்கும்போது பானெட்டும் வானமும் மட்டும்தான் தெரியும், அங்கே காலைத் தளர்த்தி மெல்லத் தலையை எட்டிப்பார்த்துவிட்டுத்தான் இறங்கவேண்டும், ஏனென்றால் பல மேடுகளில் உச்சிக்குப்பின் தடம் இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்புகிறது. ஏறும்போது வேகம் குறைந்து சக்கரம் தோண்ட ஆரம்பித்த அந்த நொடியே ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். ரிவர்ஸ் கியரில், வந்த தடத்திலேயே, நேர்கோட்டில் பின்வாங்குங்கள். மேட்டின் நடுவில் வண்டியைத் திருப்பப் பார்த்தால் கவிழும். அடிக்கு வந்து இன்னும் இரண்டு பிஎஸ்ஐ குறைத்து மறுபடி. இரண்டாம் தடவையில் பெரும்பாலும் ஏறிவிடும்.

புதைந்துவிட்டால் முதலில் மண்வெட்டி, அடுத்து டயருக்கடியில் மேக்ஸ்ட்ராக்ஸ் பலகை, கடைசியாகத்தான் இன்னொரு வண்டியால் இழுப்பது. இழுக்கும்போது ஸ்னாட்ச் ஸ்ட்ராப் என்ற நீளும் இழுவைப் பட்டையை எக்காரணம் கொண்டும் டோ பாலில், அதாவது டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில், மாட்டாதீர்கள். அந்த உருண்டை பிய்த்துக்கொண்டு பறந்து ஆஸ்திரேலியாவில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். எடைக்கேற்ற மீட்புக் கொக்கியில் மட்டுமே மாட்டவேண்டும், பிள்ளைகள் எல்லோரும் பக்கவாட்டில் தள்ளி, ஸ்ட்ராப்பின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தூரத்தில் நிற்கவேண்டும்.

ஸ்பினிஃபெக்ஸ் புல்லைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தடத்தின் நடுவில் முட்டி உயரம் வளர்ந்திருக்கும், அதன் விதை ரேடியேட்டரை அடைக்கும், காய்ந்த தாள் அடிப்பக்கத்தில் புகைபோக்கிக் குழாயருகே சிக்கித் தீப்பிடிக்கும். ரேடியேட்டர் முன் மெல்லிய வலை கட்டுங்கள். நிறுத்தும்போதெல்லாம் குனிந்து பார்த்து, சிக்கியிருப்பதைக் கம்பியால் இழுத்துப்போடுங்கள். தீயணைப்பான் சாமான்களுக்கு அடியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சாயங்காலம் நான்கு மணிக்கு முகாம் போட்டுவிடவேண்டும், ஜூலையில் ஆறு மணிவாக்கில் இருட்டிவிடும். இரண்டு மேட்டுக்கு நடுவில் உள்ள சமவெளியில், தடத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, முன்பு யாரோ தங்கிய வெற்றுத்தரையாகப் பாருங்கள். சாதாரண கூடார ஆணி மணலில் நிற்காது, நீளமான மணல் ஆணி வேண்டும். பூங்காவுக்குள் விறகு பொறுக்காதீர்கள், காய்ந்து கிடக்கும் கட்டைதான் அங்கே பல்லிக்கும் பூச்சிக்கும் வீடு. கேஸ் அடுப்பு போதும். நம் வீட்டுச் சமையல் இந்தப் பயணத்துக்கு அருமையாக ஒத்துவரும்: பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி, அவல் எதற்கும் ஃப்ரிட்ஜ் வேண்டாம், பாத்திரம் கழுவவும் தண்ணீர் அதிகம் ஆகாது. சப்பாத்தியை வீட்டிலேயே சுட்டு எடுத்துக்கொண்டால் முதல் இரண்டு மதியத்துக்கு அடுப்பே பற்றவைக்கவேண்டாம். செருப்பையும் சாப்பாட்டையும் வெளியே வைத்துவிட்டுத் தூங்கினால் டிங்கோ என்ற காட்டுநாய் எடுத்துப்போகும். கழிவறைக்கு மடக்கு நாற்காலியும் பையும் கொண்டுபோய் மூட்டைகட்டித் திரும்பக் கொண்டுவருவதுதான் சரி. இல்லையென்றால் முகாமிலிருந்து நன்றாகத் தள்ளி ஆழமாகக் குழிதோண்டி மூடுங்கள்.

பிள்ளைகளுக்கு எல்லா மேடும் ஒரே மாதிரிதான் தெரியும், பெரியவர்களுக்கும் அப்படித்தான். இரண்டாவது மேட்டைத் தாண்டி விளையாடப் போன பிள்ளைக்கு வண்டி எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆளுக்கொரு விசிலைக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். வண்டி கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகக்கூடாது, வழி தெரியவில்லை என்றால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து ஊதவேண்டும். இதை முதல் நாள் ஒரு தடவை விளையாட்டாகவே ஒத்திகை பாருங்கள். மேடு ஏறி இறங்குவதில் வாந்தி வரும் பிள்ளையை முன்பக்கம் பார்த்தபடி உட்காரவைத்து, டேப்லெட்டைப் பிடுங்கி வையுங்கள். போப்பல் கார்னரில் தென் ஆஸ்திரேலியாவும் குயின்ஸ்லாந்தும் வடக்குப் பிரதேசமும் சந்திக்கும் கம்பத்தைச் சுற்றி ஓடவிடுங்கள். 1880இல் இந்த எல்லையை அளந்த போப்பல் என்ற நில அளவையாளரின் சங்கிலி ஓர் அங்குலம் நீண்டுவிட்டிருந்ததால் முதல் கம்பம் தப்பான இடத்தில் நட்டு, பிறகு நகர்த்தவேண்டியதாயிற்று என்ற கதை கணக்கில் அலட்சியமாக இருக்கும் பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் கூட்டிப்போகலாமா என்று நம்மவர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். முதுகுவலி, இடுப்பெலும்புத் தேய்மானம், இதய மருந்து என்று ஏதாவது இருந்தால் மணலுக்குள் வேண்டாம், டல்ஹவுசிவரை வந்து திரும்பட்டும், அதுவே அவர்களுக்கு நிறைவாக இருக்கும். அவர்களுடைய பயணக் காப்பீடு ஆளில்லாத பகுதியிலிருந்து தூக்கிவருவதை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே போன் எடுக்காது. சேட்டிலைட் போன் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், பதிவுசெய்த அவசர பீக்கன் ஒன்றும் வேண்டும். 1928இல் தொடங்கிய ராயல் ஃப்ளையிங் டாக்டர் சேவைதான் இந்தப் பகுதிக்கு மருத்துவம், அவர்களுடைய எண்ணை போனிலும் ஒரு தாளிலும் எழுதி வண்டியில் ஒட்டிவையுங்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கக்கூடாது. 1963 டிசம்பரில் பேர்ட்ஸ்வில் தடத்தில் பேஜ் குடும்பத்தினர் ஐந்து பேர், பெட்ரோல் தீர்ந்த காரைவிட்டு இறங்கித் தண்ணீர் தேடிப் போனார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. மேலிருந்து தேடுபவர்களுக்கு ஆள் தெரியாது, வண்டி தெரியும். நிழலும் அங்கேதான், 140 லிட்டர் தண்ணீரும் அங்கேதான்.

கடைசி மேடு பிக் ரெட், நாற்பது மீட்டர் உயரம், பேர்ட்ஸ்வில்லுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் முன்னால். ஏற முடியாவிட்டால் பக்கத்திலேயே தணிவான வழி இருக்கிறது, ஐந்து நாள் நல்லபடியாக வந்த வண்டியை வேடிக்கை பார்ப்பவர்களுக்காக அங்கே உடைக்காதீர்கள். அதைத் தாண்டியதும் கம்ப்ரஸரை எடுத்துக் காற்றை ஏற்றுங்கள், 16 பிஎஸ்ஐயில் வேகமாகப் போனால் டயர் சூடாகிக் கிழியும். சக்கர நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். குயின்ஸ்லாந்து நேரம் அரைமணி முன்னால் ஓடுகிறது, கடை மூடும் நேரத்தைக் கணக்கில் வையுங்கள். ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, கிளம்பும்போது 'இந்தத் தேதிக்குள் பேசாவிட்டால் போலீஸுக்குச் சொல்லு' என்று யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்களோ அவருக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேட விமானம் கிளம்பியிருக்கும்.